முதுகெலும்பு வலிக்கு ஸ்டீராய்டு



1948 செப்டம்பர். அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனை. முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் ஃபிலிப் ஹென்ச் புதிய மருந்தொன்றை ஊசியில் ஏற்றினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து கடைத்தெருவுக்கே போய்வந்தார்! அந்த மருந்துதான் கார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டு. 1950இல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. முகம் உப்புவது, எலும்பு பலவீனமாவது போன்ற பக்க விளைவுகளும் விரைவிலேயே தெரியவந்தன.

முடக்குவாத மூட்டுகளில் இப்படி வேலை செய்த மருந்து முதுகிலும் செய்யுமா? அது எந்த வலி என்பதைப் பொறுத்தது.

வயதானால் வருகிற தேய்மான வலி, வேலை செய்யச் செய்யக் கூடும், படுத்தால் குறையும். இருபது, முப்பது வயதில் தொடங்குகிற அழற்சி வலி இதற்கு நேர்மாறு. விடியற்காலையில் முதுகு விறைத்துப்போகும், நடமாடினால்தான் இளகும். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற நோய் இந்த வகை. இதற்கு ஸ்டீராய்டு மாத்திரை பெரிதாகக் கேட்பதில்லை. நோயே எலும்பைப் பலவீனமாக்கும். மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் மூட்டுவாத நிபுணர்கள் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையும் உடற்பயிற்சியும்தான் முதலில் சொல்வார்கள். அதிலும் அடங்காவிட்டால் அடாலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் இருக்கின்றன. விலை அதிகம்தான்.

தேய்மானத்தில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டுகளிலோ, நரம்பு நசுங்கிக் காலுக்கு வலி இறங்கும்போது அந்த நரம்பை ஒட்டியோ ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. எக்ஸ்ரே திரையில் ஊசி முனையைப் பார்த்தபடியே போடுவார்கள். கூடவே மரத்துப்போகும் மருந்தும் சேர்ப்பதால் முதல் சில மணி நேரம் வலியே இருக்காது. அன்றிரவு வலி திரும்பும். "ஊசி வீண்" என்று பலர் பதறுவது அப்போதுதான். ஸ்டீராய்டு வேலையைத் தொடங்க இரண்டு மூன்று நாளாகும், சிலருக்கு ஒரு வாரமும் ஆகலாம்.

ஊசி கேட்டால் சில வாரம், சில மாதம் நிம்மதி. சிலருக்குக் கேட்காமலும் போகும். தேய்ந்த மூட்டு புதிதாக வளராது. வலி அடங்கியிருக்கும் அந்த நாட்களில் பிசியோதெரபி செய்து முதுகுத் தசையை வலுவாக்கினால்தான் ஊசிக்குக் கொடுத்த காசுக்குப் பலன், என்னைக் கேட்டால்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. மூட்டுவலிக்கென்று பெயர் போடாத பொட்டலத்தில் விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். வலி மாயமாய்ப் போவதன் ரகசியம் அதுதான். பல வாரமாக அப்படி ஏதாவது சாப்பிட்டு வருகிறீர்களா? சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கம் வரலாம், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அளவை எப்படிப் படிப்படியாகக் குறைப்பதென்று அவர் சொல்வார்.