கெளுத்திக் குளத்தில் மீன் குறைவது ஏன்?

வீட்டுக்குப் பின்னால் பத்தடி நீளத்தில் ஒரு குளம் வெட்டிக் கெளுத்தி மீன் விடுவது நம் தோட்டங்களில் பழக்கமான காரியம். மலாய்க்காரர்கள் இதை ‘ஈக்கான் கெலி’ என்பார்கள். செவுளோடு, காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பும் இதற்கு உண்டு. கலங்கல் நீரிலும் உயிரோடிருக்கும். அதனால்தான், ‘விட்டால் போதும், தானே வளரும்’ என்று ஏமாந்து போகிறோம்.

நானும் ஏமாந்தவன்தான். ஒருமுறை 300 குஞ்சுகள் வாங்கி விட்டேன். சில விரல் நீளம், சில அதில் பாதி. பொறுக்கிப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் 100கூடத் தேறவில்லை. செத்து மிதந்ததையும் காணோம். பக்கத்து வீட்டுப் பையன் எப்போதும் தூண்டிலோடு திரிபவன். அவன்மீது பழி போட்டேன். அவன் தாயார் என் மனைவியோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பிறகு குளத்தை இறைத்துப் பார்த்தால், ஏழெட்டு மீன்கள் மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெருத்திருந்தன. ஒன்றை அறுத்தேன். வயிற்றுக்குள் இரண்டு குஞ்சுகள்! திருடன் குளத்துக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

கெளுத்தி தன் இனத்தையே தின்னும். குஞ்சுப் பருவத்தில்தான் இது அதிகம். ஆகவே, 3 அங்குலத்துக்குக் குறையாத, ஒரே அளவான குஞ்சுகளாகப் பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலையால் அரித்து, பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பட்டினியும் போடக்கூடாது, பசித்தால் ஒன்றையொன்று கடிக்கும்.

அதற்காகத் தீனியை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். காலையும் மாலையும், கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். கோழிக் குடலைப் பச்சையாக வீசுகிறவர்கள் உண்டு. மிஞ்சியது அடியில் அழுகி நீரைக் கெடுத்துவிடும். மீன் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குவது இயல்பு. இறங்காமல் எல்லாம் மேலேயே தொங்கினால், அன்று தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; இரண்டு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். செம்பனைக்கு மருந்தடித்த பக்கத்து வாய்க்கால் நீர் வேண்டவே வேண்டாம்.

மழை இரவில் கெளுத்தி துடுப்பை ஊன்றி ஊர்ந்து வெளியேறும். கரையைச் சுற்றி வலை கட்டுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீடாயின் நல்ல வேலியே அடியுங்கள். மீன் போனால் வேறு வாங்கலாம்.

அரிக்கும்போது பக்கத் துடுப்பின் முள்ளில் கவனம். குத்தினால் கடுகடுவென வலிக்கும். பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். அவன் தாயாரிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது என் குளத்தில் வலை பிடிப்பவன் அவன்தான்.