கருங்கடல் சேற்றின் சாட்சியம்



நோவா காலத்து ஜலப்பிரளயம் விஞ்ஞானத்தாலேயே ருசுவாகிவிட்டது என்று சில பாதிரிமார்கள் பிரசங்கம் செய்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் கருங்கடலைக் காட்டுகிறார்கள். விஞ்ஞானம் என்ற பேரைக் கேட்டவுடன் நாம் வாயை மூடிக்கொள்வோம் என்பது அவர்கள் எண்ணம் போலும். ஆகவே அந்தக் கடலடிச் சேறு என்னதான் சொல்லுகிறது என்று பார்ப்போம்.

கருங்கடல், துருக்கிக்கும் ருஷியா, உக்ரைன், ருமேனியா முதலிய நாடுகளுக்கும் நடுவேயுள்ள உள்நாட்டுக் கடல். ஆழம் 2,200 மீட்டர். வெளிக்கடலுக்கு அதன் ஒரே வாசல் பாஸ்பரஸ் ஜலசந்தி. குறுகிய இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர்தான். ஆறுகள் கொட்டும் நல்ல தண்ணீர் மேலேயும், ஜலசந்தி வழியே வரும் கனத்த உப்புத் தண்ணீர் கீழேயுமாக நின்றுவிடுகின்றன, லேசில் கலப்பதில்லை. ஆதலால் சுமார் 200 மீட்டருக்குக் கீழே பிராணவாயு இல்லை. அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயுதான் கரைந்திருக்கிறது. மீனில்லை, புழுவுமில்லை. சேற்றைக் கிளறப் புழுகூட இல்லாததால், வருஷா வருஷம் விழுந்த வண்டல் விழுந்தபடியே ஏடு ஏடாகக் கிடக்கிறது. நடுவில் புகுந்து ஒரு ஏட்டைச் சொருகப் புரோகிதன் எவனும் அங்கே இறங்க முடியாது! (சிரிப்பு)

அரிசி மூட்டையில் வியாபாரி குத்தூசி விட்டு மாதிரி எடுப்பதுபோல, 1969-ல் அட்லாண்டிஸ் 2 என்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து குழாய்களை இறக்கிச் சேற்றை உருவி எடுத்தார்கள். மேலே, உப்புநீரில் வாழும் நுண்ணிய பாசியின் சுண்ணாம்பு ஓடுகள், கோடு கோடாக. அதன் கீழே, மக்காத உயிர்ப்பொருள் நிறைந்த கறுத்த சேறு. அது படியத் தொடங்கிச் சுமார் 7,500 வருஷமாகிறது. அதற்கும் கீழே ஏரி வண்டல்! அதாவது ஒரு காலத்தில் அது நன்னீர் ஏரி. பனியுகத்தில் வெளிக்கடல் மட்டம் ஜலசந்திக்குக் கீழே தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபின் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தது.

எப்படிப் புகுந்தது என்பதில்தான் தகராறு. சுமார் 7,600 வருஷங்களுக்கு முன் திடீரென்று பாய்ந்தது என்று 1997-ல் ரயன், பிட்மன் என்ற அமெரிக்க அறிஞர்கள் சொன்னார்கள். ஏரி அவ்வளவு தாழ்ந்திருக்கவே இல்லை என்று டான்யூப் முகத்துவார வண்டலை ஆராய்ந்தவர்கள் 2009-ல் எழுதினார்கள். மெதுவாகவே புகுந்தது என்பாரும் உண்டு. ஆகவே, வெள்ளமே வரவில்லை என்று நம் தோழர்கள் அடித்துப் பேசுவதும் சரியல்ல. ஆராய்ச்சி முடியாததற்கு முன் தீர்ப்புச் சொல்லுவது பாதிரிமார் வேலை.

சரி, வெள்ளம் வந்ததென்றே வைத்துக்கொள்வோம். அது 40 நாள் மழையால் வந்ததல்ல; ஜலசந்தி வழியாக வந்தது. உலகத்தை மூடியதுமல்ல. 1650-ல் அஷர் என்ற அயர்லாந்து அத்தியட்சர் பைபிளைக் கொண்டு கணக்குப் போட்டு, உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்றார். அந்தக் கணக்குப்படி, உலகம் உண்டாவதற்கு 1,500 வருஷத்துக்கும் முந்தியே கருங்கடலில் வெள்ளம் வந்திருக்க வேண்டும்! அஷர் கணக்கை ஒப்புவதில்லை என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். நோவாவின் வெள்ளம் வடிந்து, பேழை மலைமேல் தங்கியது என்பது பைபிள் வாக்கியமாயிற்றே. உங்கள் ஊர் மேடையில் அடுத்த தடவை கருங்கடலைக் காட்டினால், அந்தத் தண்ணீர் எந்த வருஷம் வடிந்தது என்று கேளுங்கள். கப்பல்கள் இன்றும் அதன்மேல்தான் போய்க்கொண்டிருக்கின்றன.