யாரைக் கேட்டார் வாத்தியார்?

(பி.எட். மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் வகுப்பைக் கூட்டித் தண்ணி தெளிப்பது எங்க பள்ளிக்கூடத்தில் காலனிப் பிள்ளைகள் வேலை. மறுநாள் அதிகாரி வந்து கடைசியில் நாற்காலி போட்டு உட்காருவார். அவருக்கும் எங்க வரிசைக்கும் ஒரு முழம்தான் தூரம். முன்வரிசை ஆறு பேருக்கு, முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த ஆறு கேள்வி. ஆறுக்கும் பதில் வந்துடும். 'நன்று' என்று எழுதிட்டுப் போவார். எங்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதை எங்கே எழுதுவது?

நீங்கள் ஃபிளாண்டர்ஸ் முறை படித்திருப்பீர்கள். மூணு விநாடிக்கு ஒருமுறை வகுப்பில் நடப்பதைப் பத்து வகையில் ஒன்றாகக் குறிக்கணும். ஏழு வகை ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, பத்தாவது அமைதி அல்லது குழப்பம். வாத்தியாரே பேசித் தீர்க்கிறார் என்பதை எண்ணிக் காட்டிய வகையில் நல்ல கருவிதான். ஆனா நாலாவது வகை, கேள்வி கேட்பது. யாரை? ஒரே பையனைப் பத்துத் தடவை கேட்டாலும், பத்துப் பிள்ளைகளை ஒவ்வொரு தடவை கேட்டாலும் நாலுதான். வீட்டுப்பாடத்துக்குத் திட்டினாலும் சாதியைச் சொல்லித் திட்டினாலும் ஏழுதான். முன்வரிசை பேசிக்கொண்டிருக்கையில் பின்வரிசை வாய் மூடிக் கிடந்தால் அது பத்தில்கூட வராது.

நான் வங்கிக் குமாஸ்தா. ஆடிட்டில் வவுச்சர் சரி, ரொக்கம் சரி. கல்விக்கடன் கேட்டு வந்த பையனை எத்தனை நாள் "நாளைக்கு வா" என்றோம் என்பது எந்த லெட்ஜரிலும் ஏறாது. நானும் சொல்லியிருக்கேன்.

மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கணும் என்று 2024-இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. நல்லது. உட்கார்ந்த பிறகு வாத்தியார் கண் எங்கே போகுதுன்னு பார்க்கணுமே. அதுக்கு ஒரு தாள் போதும். இருக்கைக்கு ஒரு கட்டம் போடுங்க. கேள்வி கேட்டால் ஒரு கோடு, பாராட்டினால் ஒரு புள்ளி, தண்ணி எடுக்க அனுப்பினால் ஒரு பெருக்கல். சாதியைக் குறிக்க வேண்டாம். ஒருநாள் பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம். இதையே சம்பளம் வெட்டுகிற கத்தியாக்கினால், அதிகாரி வருகிற நாளில் மட்டும் பின்வரிசைக்குக் கேள்வி கிடைக்கும்.

தலித் வாத்தியார் வகுப்பிலும் போடணும். என் தங்கச்சி டீச்சர். போன வருஷம் அவ வகுப்பில் உட்கார்ந்து போட்டேன். முப்பத்திரண்டு கட்டத்தில் பதினொண்ணு வெறுமை. தாளை ரொம்ப நேரம் பார்த்தவள், ஒரு கட்டத்தில் விரல் வைத்து, "அண்ணே, இவன் பேரு எனக்குச் சட்டுன்னு வரலையே" என்றாள்.