எதிரியின் நகர்வும் என் கையே
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதை படித்தும் பிறர் கவிதை கேட்டும் வந்த நான், இவ்விழாவில் ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச இசைவு கேட்டபோது, நம் செயலாளர் சற்றுத் தயங்கிய பின்பே ஒப்புக்கொண்டார். அவர் தயக்கம் நியாயமானதே. ஆயினும் உவகை பிறக்கும் இடங்கள் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார் என்ற துணிவில் தொடங்குகிறேன்.

வள்ளுவர் சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தார். நான் சொல்லப்போகும் ஆட்டத்திலும் கவறு உருளும். ஆனால் பந்தயம் இல்லை. பணயப் பொருள் இல்லை. எதிரே அமர்ந்து தோற்பவரும் இல்லை. எதிரே எவருமே இல்லை என்பதுதான் என் பேச்சின் பொருள்.

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் அமெரிக்காவில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி 1974இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அவ்வகையில் முன்னோடி. ஒருவர் நடுவராக இருந்து உலகையும் பகைவரையும் நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ நின்று பேசுவர், நடப்பர், பொருவர். ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். கூடி ஆடுதற்கென்றே அமைந்த ஆட்டம் இது. ஆனால் கூட ஆள் கிடைக்காதவர்களின் வேட்கை உடனே எழுந்தது. மறு ஆண்டே 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' என்னும் இதழின் முதல் வெளியீட்டில், நிலவறைகளைப் பகடை உருட்டியே வரைந்துகொண்டு ஒருவர் தனியே ஆடும் முறையைக் கைகாக்ஸ் எழுதினார். 1976இல் ரிக் லூமிஸ் எழுதிய 'பஃபலோ காஸில்' வந்தது. இந்தக் கதவைத் திறந்தால் இன்ன பத்திக்குச் செல்க, அந்தக் கதவைத் திறந்தால் இன்ன பத்திக்குச் செல்க என்று நூலே நடுவராகி நடத்தும் முறை அது. 1982இல் பிரிட்டனில் வெளியான 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' 400 பத்திகளால் ஆன நூல். இம்முறையைப் பள்ளிச் சிறுவர் கைகளில் கொண்டு சேர்த்தது அதுவே எனலாம்.

நான் ஆடியது இவற்றின் உறவினம்; ஆனால் போர்முறை நுட்பம் மிகுந்தது. 'தி ஃபேண்டஸி ட்ரிப்' என்பது அதன் பெயர். அமெரிக்கரான ஸ்டீவ் ஜாக்சன் 1977இல் 'மெலீ' என்னும் சிறு போர் ஆட்டமாக அதைத் தொடங்கினார். சட்டைப்பையில் அடங்கும் சிற்றேடு அது. 1978இல் மந்திரத்துக்கான 'விசார்ட்' என்னும் பகுதியும், தனியே ஆடுதற்குரிய 'டெத் டெஸ்ட்' என்னும் நிலவறைக் கதையும் வந்தன. வெளியிட்ட மெட்டாகேமிங் நிறுவனம் 1983இல் மூடப்பட்டதால் அது பல்லாண்டு அச்சில் இல்லாதிருந்தது. 2017இன் இறுதியில் உரிமை ஆசிரியரிடமே மீண்டு, 2019இல் ஒரு பெரிய பெட்டியாக மறுபிறவி எடுத்தது. அப்பெட்டியொன்று என் மகனுடையது. மேற்படிப்புக்காக அயலூர் சென்றவன் அதை என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் விட்டுச் சென்றான். வீடு அமைதியானபின் ஒருநாள் அதை இறக்கினேன்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்கிறேன். அறுகோணக் கட்டங்கள் வரைந்த தாள். அதன்மேல் அட்டையில் வெட்டிய உருவங்கள். ஒவ்வொரு வீரனுக்கும் வலிமை, இலாகவம் என இரண்டு எண்கள். புதிய வீரன் ஒருவனுக்கு இரண்டும் சேர்ந்து 24. இதைக் கூட்டினால் அது குறையும். அடிக்கும்போது மூன்று பகடைகளை உருட்டவேண்டும். கூட்டுத்தொகை இலாகவ எண்ணுக்கு மிகாதிருந்தால் அடி விழும். இலாகவம் 12 உடையவன் 216 வாய்ப்புகளில் 160இல் வெல்வான். அவனே தோற்கவசம் பூண்டால் ஒவ்வோர் அடியிலும் இரண்டு புள்ளி காக்கப்படும். ஆனால் இலாகவம் 10 ஆகிவிடும், அவன் அடி சரிபாதிதான் விழும். காப்பு வேண்டுமா, கைத்திறன் வேண்டுமா என்னும் கேள்வியை மூன்று பகடைகள் இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கின்றன. மூன்றிலும் ஆறு விழுந்தால், அஃதாவது 216இல் ஒருமுறை, வாளே முறியும். வலிமை எண் சுழியம் ஆனால் வீரன் இறந்தான்.

இன்னொரு விதியும் உண்டு. உருவத்துக்கு முன்புறம், பக்கம், பின்புறம் எனத் திசைகள் உள. பக்கத்திலிருந்து தாக்குவோனுக்கு இலாகவத்தில் இரண்டு கூடும். பின்னிருந்து தாக்குவோனுக்கு நான்கு கூடும். நான் இடறியது இவ்விதியில்தான்.

என் மகன் தன் பள்ளி நாள்களில் உருவாக்கிய வீரனுக்கு மாறன் என்று பெயரிட்டிருந்தான். வலிமை 12, இலாகவம் 12, தோற்கவசம், அகன்ற வாள். ஓர் அட்டையில் பென்சிலால் எழுதிய அவன் கையெழுத்து அப்படியே இருந்தது. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினேன். மூன்றாம் அறையில் பகைவர் இருவர். மாறன் ஏழு புள்ளி இழந்து வலிமை 5இல் நின்றான். ஒருவன் அவன் எதிரே நின்று அவனைப் பிணைத்திருந்தான். அச்சுற்றில் முதலில் நகர வேண்டியவன் மாறன். பகைவர் பின்னர் நகர்வர். அவர்களை நகர்த்த வேண்டியவனும் நானே.

இரண்டாம் பகைவன் சுற்றிவந்து மாறனின் பின்புறக் கட்டத்தில் நிற்கலாம். வழி திறந்திருந்தது. அவன் இலாகவம் 10. பின்னிருந்து அடித்தால் 14. 216இல் 196 முறை அடி விழும். நான் அவனை முன்புறம் கொண்டு நிறுத்தினேன்.

பகடையை நான் இரண்டாம் முறை உருட்டவில்லை. எண்ணை மாற்றி எழுதவில்லை. எவரும் சுட்டிக்காட்டக்கூடிய பிழை எதுவும் அங்கே இல்லை. ஒரு நல்ல நகர்வை நான் காணவில்லை, அவ்வளவுதான். காணவில்லையா, காண மறுத்தேனா என்பது எனக்கு மட்டுமே தெரியும். உள்ளத்தில் ஒரு சமாதானமும் வைத்திருந்தேன்: புறமுதுகில் தாக்குதல் அறமன்று, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனைப் பாடிய மரபில் வந்தவன் நான், அப்படியொரு சாவை ஒரு வீரனுக்கு எப்படித் தருவேன் என்று. ஆனால் அந்த நாணம் மாறனுக்குரியது. பகைவனுக்கு என்ன அறம் என்று அந்த நூலில் எங்கும் எழுதப்படவில்லை. அவனுக்கு வெல்ல வேண்டும். அவன் பொருட்டுச் சிந்திக்க அந்த மேசையில் என்னையன்றி வேறொருவர் இல்லை. நான் அவனைக் கைவிட்டேன்.

மாறன் பிழைத்தான், அடுத்த இரண்டு அறைகளையும் வென்றான். வென்ற ஒவ்வொரு முறையும் என் மகிழ்ச்சி குறைந்துகொண்டே வந்தது. நான்காம் நாள் உருவங்களைப் பழைய இடங்களில் மீண்டும் வைத்தேன். பகைவனைச் சுற்றிக்கொண்டுவந்து பின்னால் நிறுத்தினேன். பகடையில் 11 விழுந்தது. முன்னிருந்து அடித்திருந்தால் தவறியிருக்கும். வாளுக்குரிய இரண்டு பகடைகளில் 8. கவசம் காத்தது 2, எஞ்சியது 6. மாறனிடம் இருந்ததோ 5.

அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு முறை ஆடியதையும் மறைக்கவில்லை. சிறிதுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "செத்தது செத்ததாவே இருக்கட்டும்பா. அட்டையை மட்டும் கிழிச்சிடாதீங்க, தேதி போட்டு வைங்க" என்றான். வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, இதனைக் கவிஞர் அவையில் ஏன் சொல்கிறேன் என்பதை ஊகித்திருப்பீர்கள். நாம் எழுதுவதும் தனியாள் ஆட்டமே. எதிர்ப்பவர் இல்லாத அறையில் அமர்ந்து, சொல்லையும் நாமே நகர்த்துகிறோம். அச்சொல்லை மறுக்கும் நகர்வையும் நாமே செய்யவேண்டும். எதுகைக்காக நின்ற சொல், கைதட்டலுக்காக நீண்ட இறுதி அடி, நாம் பட்டறியாத துயரம் ஆகியவை நம் கவிதையின் பின்புறக் கட்டங்கள். அங்கே வந்து நிற்கக்கூடிய கேள்வியை நாம் பலமுறை முன்புறமாகக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். பின்னர் இவ்வட்டத்தில் படிக்கிறோம், அன்பர்கள் பாராட்டுகின்றனர். ஐந்தாம் ஆண்டு விழாவில் நான் படித்த கவிதையின் கடைசிப் பகுதி பொய் என்பது படிக்கும்போதே எனக்குத் தெரியும். அன்று கேட்ட கைதட்டல், மாறன் கடைசியாக வென்ற இரண்டு அறைகளைப் போன்றது.

தனியே ஆடுவது தனிமைக்கு மருந்து என்று சிலர் சொல்வர். எனக்கு அவ்வாறு படவில்லை. வேறு நகரில் இருக்கும் மகனை எந்தப் பகடையும் அழைத்து வராது. ஆனால் எவரும் பார்க்காத இடத்தில் பகைவனுக்கும் நேர்மையாக இருக்க முடியுமா என்று அந்த ஆட்டம் என்னைச் சோதித்தது. முதல் முறை தோற்றேன், இரண்டாம் முறை மாறனை இழந்து தேறினேன்.

இவ்வட்டம் பத்து ஆண்டுகள் நம் ஒவ்வொருவர்க்கும் எதிரே அமர்ந்து கேட்டிருக்கிறது. வருகின்ற ஆண்டுகளில் இன்னும் சற்றுக் கடுமையாகக் கேட்கட்டும் என வேண்டுகிறேன். அந்த ஐந்தாம் ஆண்டுக் கவிதையைத் திருத்தி எழுதியிருக்கிறேன். கடைசிப் பகுதி இப்போது அதில் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் படிக்க இசைவு தாருங்கள்.