தமிழ்த்தாய் வாழ்த்துக்கு இசை தந்தவர்



திரைப்பாட்டு என்றாலே முகஞ்சுளிக்கும் புலவர் பலர் உளர். சுளிப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆயினும், விழாத்தோறும் அவர்களே எழுந்துநின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தின் இசை ஒரு திரையிசையமைப்பாளர் தந்தது. அவர் ம.சு. விசுவநாதன்.

1928ஆம் ஆண்டு பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர்; தாய்மொழி மலையாளம். இளமையிலேயே தந்தையை இழந்தவர், கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். பின்னர்த் திரைப்பட நிறுவனத்தில் ஏவற்பணி செய்துகொண்டே தொழில் கற்றார். 1952இல் 'பணம்' படத்தில் டி.கே. இராமமூர்த்தியுடன் இணைந்து இசையமைக்கத் தொடங்கினார். அவ்விணை 1965 வரை நீடித்தது. அதன்பின் தனித்தே இயங்கினார்.

அவர் இசையின் சிறப்பு யாது? சொல் செவியில் விழும், அதுவே சிறப்பு. மேலைக் கருவிகள் எத்தனை முழங்கினும், பாடுவோர் வாயில் மெய்யெழுத்து விழுங்கப்படுவதில்லை. வல்லினம் வல்லினமாகவே ஒலிக்கும். மேடைக் கச்சேரிகளில் எத்தனைப் பாடல்களுக்கு இவ்வாறு சொல்ல இயலும்?

1970ஆம் ஆண்டு, பேராசிரியர் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்து வாழ்த்தினைத் தமிழக அரசு விழாப்பாடலாக ஏற்றது. இசையமைக்கும் பணி விசுவநாதனிடம் வந்தது. அவர் தேர்ந்தது மோகனம். இசையாய்வாளர் இதனைப் பழந்தமிழரின் முல்லைப்பண் என்பர். குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி எனும் ஐந்தே நரம்புகள். உழையும் தாரமும் இல்லை. தாளமோ மும்மை நடை. பெரும்பாலும் எழுத்துக்கோர் இசையாகச் செல்வதால், இசைப்பயிற்சியே இல்லாத சிற்றூர்ப் பள்ளிச் சிறாரும் தடுமாறாது பாடுகின்றனர். வித்துவத்தைக் காட்ட எண்ணியிருப்பின் அவரால் இயலாததன்று, காட்டவில்லை.

இங்கே நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. அரசு ஏற்றபோது சுந்தரனாரின் அடிகள் சில நீக்கப்பட்டன. ஆரியம் உலக வழக்கொழிந்தது என்பது அவற்றுள் ஒன்று. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழினின்று கிளைத்தன என்பது மற்றொன்று. பிறமொழியாளர் மனம் புண்படலாகாது என்று காரணம் கூறினர். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரோ மனம் புண்படாமல் அப்பாட்டுக்கு இசையே தந்தார்! வெட்டுண்ட அடிகள் அவர் இசையில் ஒலிக்கும் பேறு பெறாமற்போயின. பாவலன் பாட்டில் கைவைக்க எவர்க்கு உரிமை உண்டு என்னும் வினா இன்றும் விடையின்றி நிற்கிறது.

2015 சூலை 14இல் விசுவநாதன் மறைந்தார். தில்லி அரசு தாமரை விருது ஒன்றும் அவர்க்கு வழங்கியதில்லை. (வழங்கப்பெற்றோர் பட்டியலைப் பார்ப்போர்க்கு, வழங்காமையே மேல் எனத் தோன்றினும் தோன்றும்.) 2021 திசம்பரில் தமிழக அரசு இவ்வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. அவர் அமைத்த அதே மோகனம், அதே மும்மை நடை, 55 நொடி. பாடும்போது அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டும். மாற்றுத்திறனாளிகட்கு விலக்கு உண்டு. இசைத்தட்டை ஒலிக்கவிடாது, பயிற்சி பெற்றோர் வாயாற் பாடவேண்டும் என்றும் அவ்வாணை கூறுகிறது. ஆணை வந்தபின்னும் பொத்தானை அழுத்திவிட்டு வாய்மூடி நிற்கும் அவைகள் பல.