விருத்தாசலம் என்று தேடினால்

கொலு வருகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை வாங்க நினைத்த ஒருவர், கைப்பேசியில் 'விருத்தாசலம்' என்று மட்டும் அடிக்கிறார். பழமலைநாதர் கோயில் வருகிறது, ரயில் சந்திப்பு வருகிறது, நடுவே எழுத்தாளர் புதுமைப்பித்தனும் வந்து நிற்கிறார். அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம் ஆயிற்றே!

பழந்தமிழ் நூல்களின் நல்ல பதிப்புகளில் கடைசியில் சொல்லடைவு இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் இடங்களின் எண்கள். தேடுபொறியும் இணையப் பக்கங்களுக்கு முன்கூட்டியே அப்படி ஓர் அடைவு போட்டு வைத்திருக்கிறது. 'விருத்தாசலம்' எதிரே 2, 5, 8, 11 என்று வைத்துக்கொள்வோம். 'பீங்கான்' எதிரே 5, 9, 11. இரண்டு சொல்லும் வேண்டுமென்றால் 5, 11 மட்டுமே தேறும். ஏதாவது ஒன்று போதுமென்றால் ஐந்து பக்கங்களும் வரும். 'புதுமைப்பித்தன்' வேண்டாமென்றால் அந்தப் பெயர் உள்ளவை கழியும். கூகுளில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒட்டி ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். இப்படிச் சேர்ப்பதையும் கழிப்பதையும் கணிதமாக்கி 1854இல் நூல் எழுதியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் பூல்.

கழிக்கும்போது கவனம் வேண்டும். பீங்கான் சூளையைப் பற்றிய அருமையான கட்டுரை ஒன்று போகிற போக்கில் புதுமைப்பித்தனைச் சொல்லியிருந்தால், அதுவும் சேர்ந்தே போய்விடும்.

பூலின் கணக்கில் ஆம், இல்லை இரண்டே விடைதான். ஆயிரம் பக்கங்கள் தேறினால் எது முதலில்? எங்கும் கிடக்கும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிய சொல்லுக்கு அதிகம் என்று 1972இல் வழிகாட்டினார் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 'விற்பனை'யைவிட 'பீங்கான்' கனமான சொல். ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதையும் 1998இல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கணக்கில் சேர்த்தார்கள்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல். விருத்தாசலம், விருத்தாச்சலம், விருதாச்சலம் என்று எழுதுகிறோம், பழம்பெயர் திருமுதுகுன்றம். பீங்கான் என்பார் ஒருவர், செராமிக் என்பார் இன்னொருவர். இன்றைய தேடுபொறிகள் ஓரளவு தாமே சேர்த்துப் பார்க்கின்றன. தமிழில் அதை முழுக்க நம்பியிருக்க முடியாது.

அதனால் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சூளை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் இணையத்தில் பக்கம் போட்டால், வெறும் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஊர்ப்பெயரை வழங்குகிற எல்லா விதத்திலும் கீழே எழுதுங்கள். பீங்கான், செராமிக் இரண்டையும் எழுதுங்கள். பிள்ளையார், தசாவதாரம் என்று பொம்மையின் பெயரையும் எழுதுங்கள். எங்கோ ஒரு வீட்டில் கொலுப்படி கட்டிவிட்டுத் தேடப்போகிறவர் எந்தச் சொல்லை அடிப்பாரோ, யாருக்குத் தெரியும்.