கோர்ட்டில் படிக்கிற குற்றச்சாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள்!

(பிள்ளையார்பாளையம் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



ஏரியைத் தூர்வாரக் கேட்டோம். நெல்லுக்கு விலை கேட்டோம். நிலத்தைப் பிடுங்காதே என்றோம். பதில் வருகிறதோ இல்லையோ, வழக்கு வந்துவிடுகிறது. நடவை விட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைகிறோம். ஆனால் நம் மேல் என்ன குற்றச்சாட்டு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து.

போலீஸ் கொடுப்பது குற்றப்பத்திரிகை. அதைப் பார்த்து நீதிபதி எழுதுவது குற்றச்சாட்டு. என்ன குற்றம், எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த இடம், யாருக்கு எதிராக என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். நமக்குப் படித்துக்காட்டி விளக்கவும் வேண்டும். எதற்குப் பதில் சொல்வது என்று தெரிந்தால்தானே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யமுடியும்? பாவிலே இழை தப்பினால் சேலை என்னவாகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1955-ல் பஞ்சாபின் நானக் சந்த் வழக்கு. கொலை செய்த கூட்டத்தில் ஒருவர் என்பது குற்றச்சாட்டு. உயர்நீதிமன்றமோ, கூட்டக் குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் நீரே கொன்றீர் என்று தண்டித்தது. ஒரு கேள்விக்குப் பதில் தயாரித்தவரை வேறு கேள்விக்குத் தண்டித்தால் அது நியாயமா? உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது.

உடனே, பிழை இருந்தால் விடுதலைதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆண்டு அக்டோபர் 31-ல் வில்லி ஸ்லேனி வழக்கில் 5 நீதிபதிகள் சொன்னார்கள்: பிழை இருந்தால் மட்டும் போதாது, அதனால் எதிரிக்கு உண்மையிலேயே பாதகம் நேர்ந்திருக்க வேண்டும் என்று. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவும் நீதி தவறியதா என்றுதான் பார்க்கிறது. முன்பே ஆட்சேபித்திருக்கலாமே, ஏன் சும்மா இருந்தாய் என்றும் அப்பீலில் கேட்பார்கள்.

நம்மைப் போன்றவர்கள் வழக்குக்கு வருகிறேன். ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் மேல் பழைய தண்டனைச் சட்டத்தின் 143, 188 பிரிவுகளில் போட்ட வழக்குகளை 2018 செப்டம்பர் 20-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. உத்தரவை மீறியதற்கு உரிய அதிகாரியே கோர்ட்டில் எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும், போலீஸ் தானாக வழக்குப் போடமுடியாது என்றது. அமைதியாகக் கூடிக் கோரிக்கை வைப்பது சட்டவிரோதக் கூட்டமும் ஆகாது என்றது.

இத்தகைய சின்ன வழக்குகளில் குற்றச்சாட்டைத் தனியாக எழுதமாட்டார்கள். விவரத்தைச் சொல்லி, "ஒத்துக்கிறியா?" என்று கேட்பார்கள். அபராதம் கட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று "ஆமாங்க ஐயா" என்கிறோமே, அதோடு நாம் தண்டனை பெற்றவர் ஆகிவிடுகிறோம்!

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். குற்றப்பத்திரிகை நகலை இலவசமாகத் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். குற்றச்சாட்டு புரியவில்லை என்றால், "புரியலீங்க ஐயா, விளக்கிச் சொல்லுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். நாள், இடம், பிரிவு தவறென்றால் அன்றைக்கே வக்கீல் மூலம் ஆட்சேபியுங்கள். நடுவில் குற்றச்சாட்டை மாற்றினால், சாட்சியை மறுபடி அழைக்கக் கேட்பது நம் உரிமை, அதை விடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. சங்கம் கூட வரும். தனியாகப் போய்த் தலையாட்டாதீர்கள்!

ஒன்றுபடுவோம்! உரிமை காப்போம்!